பூஜாவைத் தடுத்த ஃபில்டர்

மனைவியின் கண்புரை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி மெயிலில் தேதி சொல்லும் என்று ஒரு மாதமாகக் காத்திருந்தோம். வந்ததெல்லாம் துர்கா பூஜா தள்ளுபடிதான்: புடவை, செருப்பு, மெத்தை. அழித்து அலுத்துப்போய் ஒரு ஃபில்டர் போட்டேன். 'பூஜா' என்ற சொல் இருந்தால் மெயில் நேராகக் குப்பைக்குப் போய்விடும். இன்பாக்ஸ் காலியானது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கொல்கத்தாவில் இருபது வருஷம் குடியிருந்தும் எனக்கு ஒன்று உறைக்கவில்லை. இங்கே பூஜாவை இழுக்காமல் யாரும் நாள் குறிப்பதில்லை. குழாய் ரிப்பேர்க்காரர்கூட "பூஜாவுக்கு அப்புறம்" என்றுதான் சொல்வார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஏன் இன்னும் எழுதவில்லை என்று மனைவி மூன்றாம் முறை கேட்டபோதுதான் குப்பையைக் கிளறினேன். ஆஸ்பத்திரி மெயில் அங்கேதான் கிடந்தது: "பூஜாவுக்கு முன் ஓர் இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்யவும்." அந்த வெள்ளி போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. ஃபோன் செய்தேன். "இனிமே பூஜாவுக்கு அப்புறம்தான், தாதா" என்றார்கள், வங்காளத்தில் அண்ணா என்று மரியாதையாக.

மனைவியிடம் சொன்னேன்.

"அப்போ இந்த வருஷமும் பந்தல் விளக்கெல்லாம் ரெண்டு ரெண்டாத்தான் தெரியும். பரவாயில்ல. நீங்களும் ரெண்டாத் தெரியறீங்களே, அதுதான் தாங்கல."

ஃபில்டரை எடுத்துவிட்டேன். உடனே ஒரு மெத்தைத் தள்ளுபடி வந்தது.