சத்தம் போடாத பெட்டி

கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் கணினியால் பிழைக்கிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, அவர்களில் ஒருவன் என்றுதான் நினைத்திருந்தேன். கழக்கூட்டத்தில் ஒரு கணினிக் கம்பெனியில் வேலை. கழுத்தில் பட்டை, முதுகில் பை, வாயில் எந்நேரமும் ‘கிளவுட்’. தன் வீட்டுப் படத்தைத் தானே பார்க்க எவனுக்கோ மாதாமாதம் வாடகை கட்டுகிறவனுக்கு மூளை எங்கே இருக்கும்? இதை அவனிடமே கேட்டிருக்கிறேன்.

என் மனைவிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போய்விட்டது. இப்போது ஒரு சின்ன நோட்டில் எழுதித்தான் பேசுகிறாள். அவள் குரல் மிச்சமிருந்தது ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில். பெண்ணின் பிறந்தநாள்கள், பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த நாள், ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் “மதி, அணையுங்கோன்னா” என்று, போதும் என்பதை மலையாளத்தில் சொல்லி, அவள் கேமராவை விரட்டுவது. அந்த டிஸ்க் கடகடக்க ஆரம்பித்திருந்தது.

எனவே வீட்டிலேயே ஒரு சர்வர் கட்டுவதென்று முடிவெடுத்தேன். எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டால் டிவியில் நினைத்தபோது பார்க்கலாம். பெரிய கடையில் பளபளக்கும் பெட்டியைக் காட்டி யானை விலை சொன்ன இஸ்திரிச் சட்டைக்காரனுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் தெரியவில்லை. சாலைக் கடைத்தெருவில் பழைய சாமான் விற்கும் நாகர்கோவில்காரரிடம் போனேன். ஆபீஸ் ஒன்று கழித்துவிட்ட சிறிய கம்ப்யூட்டர், சிசிடிவி பெட்டியிலிருந்து கழற்றிய இரண்டு டிஸ்க், மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி கிடைத்தன.

“ஒரு சத்தமும் கேக்காது சாரே. ஓடுதா இல்லியான்னு தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்,” என்றார் அவர்.

எங்கள் அக்ரஹாரத்தில் இங்கே தும்மினால் அடுத்த வீட்டில் தீர்க்காயுசு சொல்வார்கள். அதனால் டிஸ்குகளுக்கு அடியில் சைக்கிள் ட்யூபை வெட்டி வைத்தேன். மினுக்குகிற விளக்குகள் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் எழுதும்படி அமைத்து, பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் ஏற்றி, ப்ளக் இருந்த பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். பெட்டி மூச்சுக் காட்டவில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை.

மைத்துனன் குனிந்து பார்த்தான். “அத்திம்பேரே, ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருந்தா அது காப்பி ஆகாது, கேட்டேளா. வேற எவிடயாவது ஒண்ணு வெச்சுக்கோங்கோ.”

“நீ உன் வாடகையைக் கட்டு, போ,” என்றேன். பழைய டிஸ்கை அவன் கண் முன்னாலேயே பழைய பேப்பர்காரனிடம் போட்டேன். மனைவி அவசரமாக நோட்டைத் திறந்து ஏதோ எழுதினாள். நான் படிக்கவில்லை.

நவராத்திரி வந்தது. எங்கள் தெருவில் பூஜை வைப்பு விளையாட்டல்ல. அஷ்டமி சாயங்காலம் புத்தகமும் தொழில் சாமானும் சரஸ்வதி முன்னால் வைத்தால், தசமி காலையில் எடுக்கும்வரை கை படக்கூடாது. மைத்துனன் தன் லாப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தான். அதற்குச் சந்தனப் பொட்டு என்றால் என் பெட்டிக்குப் பட்டு வேண்டாமா? போனிலிருந்தே பெட்டியை அணைக்கிற பொத்தானை அழுத்தினேன். காது கொடுத்துக் கேட்டேன், சத்தமில்லை. விளக்கும் தெரியவில்லை. பெட்டியைப் பட்டு வேஷ்டியால் இரண்டு சுற்றுச் சுற்றி, நாலு பக்கமும் புத்தகங்களை அடைத்தேன்.

தசமி காலையில் வேஷ்டியை எடுக்கப்போனபோது கை சுட்டது. பெட்டி அணையவே இல்லை. பட்டுக்குள் இரண்டு ராத்திரியும் ஒரு முழுப் பகலும் ஓடி வெந்திருக்கிறது. இரண்டு டிஸ்கும் போயின. எர்ணாகுளத்தில் கெட்ட டிஸ்கிலிருந்து படங்களை மீட்டுத் தருகிறவர்களுக்கு அனுப்பினேன். ஒன்றும் தேறாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் கட்டியதில் குறையே இல்லை, ஓடுகிறதா என்று கட்டின மடையனுக்கே தெரியாத அளவுக்கு நன்றாகக் கட்டியிருந்தேன்.

மைத்துனன் வந்தான். குத்திக் காட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

“அக்கா ஆபரேஷனுக்கு முன்னாடி அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு கிளவுட்ல கிடக்கு. ஒண்ணே ஒண்ணுதான். உங்களைப் பத்தியாக்கும், தேஷ்யப்படாதேங்கோ.”

போட்டான். என் மனைவியின் குரல் கூடத்தில் கணீரென்று கேட்டது. “அவர்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்லடா. தான் பேசறதைத் தவிர அவர் காதுல ஒண்ணும் விழாது. வெறுதே விட்டுடு.”

இன்னொரு தடவை போடச் சொன்னேன். பிறகு இன்னொரு தடவை. நாலாவது முறை மனைவி எழுந்து வந்து, முகம் சிவக்க, நோட்டை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

“மதி, அணையுங்கோன்னா” என்று எழுதியிருந்தாள்.