காக்ஸ் டவுனில் ஐந்தாவது ஆள்

பெங்களூரின் தெற்கு விளிம்பிலுள்ள சந்தாபுராவிலிருந்து நகருக்குள் இருக்கும் காக்ஸ் டவுன் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இதையெல்லாம் பயணம் என்று எழுதலாமா என வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். ஓசூர் சாலையில் ஒரே ஒரு திங்கட்கிழமைக் காலையைக் கழித்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

நான் புறப்பட்டது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு. தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் இரண்டு கோப்புகள், ஸ்டேப்லர், பசை, நீல மைப் பேனா நான்கு, கறுப்பு மைப் பேனா நான்கு, ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. கொலுசு ஒரு குழந்தைக்கு. மற்றதெல்லாம் அமெரிக்க அரசாங்கத்துக்கு.

விஷயம் இதுதான். என் மகன் கார்த்திக் டெக்சஸில் இருக்கிறான், அந்த நாட்டுக் குடிமகன். அவன் மனைவி நந்தினிக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை, வாரநாட்களில் அங்கேயே பிஜி விடுதியில் வாசம், சனி ஞாயிறு எங்கள் வீட்டில். கல்யாணமாகி இரண்டு ஆண்டு. இருவரும் சேர்ந்து குடித்தனம் நடத்தியது செல்போனில்தான். அவளுடைய குடியேற்ற விசாவுக்கான நேர்காணல் செவ்வாய்க்கிழமை மும்பையில். திங்கட்கிழமை காலை விமானம்.

இந்த விசாவுக்கு, வருகிறவரை நான் சோறு போட்டுக் காப்பாற்றுவேன், அரசாங்கத்தின் தலையில் கட்ட மாட்டேன் என்று அங்கே ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐ-864 என்று அதற்கு ஒரு படிவம். கார்த்திக் கொடுத்திருந்தான். ஆனால் போன ஆண்டு பாதி நாள் அவன் வேலை இல்லாமல் இருந்ததால் அவன் வருமானம் அவர்கள் சொல்லும் வரம்பைத் தொடவில்லை. ஆகவே கூட்டுப் பொறுப்பாளர் ஒருவர் தேவை. கார்த்திக்கின் கல்லூரித் தோழன் ஜெரால்ட் முன்வந்தான். அவனும் முன்பே ஒரு முறை கையெழுத்துப் போட்டு அனுப்பியவன்தான். நேர்காணல் தேதி வருவதற்குள் அந்தத் தாள்கள் பழசாகிவிட்டன. புதிய வருமான வரிக் கணக்கு, புதிய சம்பளச் சீட்டு, புதிய படிவம் எல்லாம் வேண்டும். அமெரிக்கத் தாளும் ஆவின் பாலும் ஒன்று. போன வாரத்தது என்று தெரிந்தால் வாங்க மாட்டார்கள்.

ஜெரால்ட் இப்போது பெங்களூரில்தான் இருந்தான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து, ஞானஸ்நானம் கொடுக்கச் சொந்த ஊருக்கு வந்திருந்தான். ஞாயிறு காலை கோயிலில் ஞானஸ்நானம், மதியம் காக்ஸ் டவுன் வீட்டில் விருந்து, இரவு திரும்பும் விமானம். திங்கள் முழுக்க அவன் ஆகாயத்தில் இருப்பான். ஆக, கையெழுத்து அன்றைக்கு விழுந்தால் உண்டு.

புதிய படிவத்தை நானே நிரப்பியிருந்தேன். முப்பத்தொரு ஆண்டு கர்நாடக அரசின் உணவுத் துறையில் ரேஷன் கார்டுகளோடு வாழ்ந்தவனுக்கு ஒரு படிவத்தை நிரப்பக் கற்றுத்தரத் தேவையில்லை என்பது அன்று காலை வரை என் கருத்து.

சந்தாபுராவிலிருந்து பொம்மசந்திரா மெட்ரோ நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். அங்கிருந்து ஹலசூருக்கு டிக்கெட் தொண்ணூறு ரூபாய். மஞ்சள் தடத்தில் ஓடுவது ஓட்டுநரே தேவைப்படாத ரயில் என்று படித்திருந்தேன். முன்பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தேவைப்படாவிட்டாலும் ஆளைப் போடுவதுதான் நிர்வாகம். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆபீஸ் வேலையால் இந்த வாரம் விடுதியிலேயே தங்கிவிட்ட நந்தினி எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏறினாள். கிருஷ்ணகிரிப் பெண். பட்டுப்புடவை, முதுகில் ஆபீஸ் லேப்டாப் பை.

“ஞாயித்துக்கிழமகூட இத தூக்கிட்டு வரணுமாம்மா?”

“ஆன்-கால் மாமா. சர்வர் விழுந்தா சர்ச்சுல உக்காந்தாவது தூக்கி நிறுத்தணும்.”

“பட்டுப்புடவையில?”

“சர்வருக்குத் தெரியாது மாமா.”

சாலைக்கு மேலே மேம்பாலம், அதற்கு இணையாக நாங்கள். கீழே சில்க் போர்டு சந்திப்பில் ஞாயிறென்றும் பாராமல் வண்டிகள் நின்றன. என் பணிக்காலத்தில் இந்தச் சந்திப்பில் ஒரு முழு நாளிதழை விளம்பரத்தோடு படித்து முடித்திருக்கிறேன். இப்போது அதை மேலிருந்து குனிந்து பார்த்தபடி கடப்பதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கு மாறி, பத்து மணிக்கு ஹலசூரில் இறங்கினோம்.

அங்கிருந்து காக்ஸ் டவுன் மூன்று கிலோமீட்டர். மீட்டர் கணக்குப்படி ஐம்பத்து நான்கு ரூபாய். ஆட்டோக்காரர் கேட்டது நூற்றிருபது.

“மீட்டர் போடுப்பா.”

“சண்டே சார். ஒன் அண்ட் ஹாஃப்.”

“ஒன் அண்ட் ஹாஃப் ராத்திரி பத்து மணிக்கு மேலதான். ஆர்டர்லயே இருக்கு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ரூல்ஸெல்லாம் தெரிஞ்சவங்க பஸ்ல போவாங்க சார்.”

நந்தினி சிரித்தபடி ஏறி உட்கார்ந்துவிட்டாள். நூறுக்கு முடிந்தது. அல்சூர் ஏரிக்கரை வழியாகப் போனோம். தண்ணீர் இருந்தது, நாற்றம் இல்லை. இதையும் பதிவு செய்ய வேண்டும்.

கோயிலில் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது அது அழவில்லை. ஊற்றிய பாதிரியாரை, மனு கொடுக்க வந்தவரை மேலதிகாரி பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தது. ஆட்ரி என்று பெயரிட்டார்கள். ஜெரால்டின் மனைவி ஷீலா, சடங்கு முடிந்ததும் குழந்தையை நந்தினியின் கையில் கொடுத்துவிட்டு விருந்துப் பந்தலைப் பார்க்கப் போனாள். அதன் பிறகு அந்தக் குழந்தை வேறு யாரிடமும் போகவில்லை.

காக்ஸ் டவுன் வீடு ஓட்டுக்கூரை, மரச் சட்டம் போட்ட முன்வாசல். முற்றத்தில் பந்தல், மட்டன் பிரியாணி, மூலையில் மூன்று அடுக்கு கேக். ஜெரால்ட் என்னைச் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் உட்கார வைத்து, சம்பளச் சீட்டுகளையும் வரிக் கணக்கையும் பாஸ்போர்ட் நகலையும் கொடுத்தான். எல்லாம் சரியாக இருந்தன. சரிபார்த்து அடுக்கினேன். கறுப்பு மைப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவனிடம் நீட்டினேன்.

ஷீலா பிரியாணித் தட்டோடு வந்து நின்றாள். “அங்கிள், இதுல கையெழுத்து போட்டா, நாளைக்கு நந்தினி வேலைக்குப் போவலேன்னா எங்க வீட்டுச் சோறா?”

“சட்டப்படி அப்படித்தாம்மா.”

“அக்கா, இந்த பிரியாணிதான்னா நான் இப்பவே வேலைய விட்டுடறேன்,” என்றாள் நந்தினி. ஒரு கையில் ஆட்ரி, மறு கையால் படிவத்தின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

“மாமா. குடும்பத்துல எத்தன பேருன்னு போட்டிருக்கீங்க?”

“நாலு. ஜெரால்ட், ஷீலா, பெரிய பையன், அப்புறம் இவன் பொறுப்புல வர்ற ஆளு, அதாவது நீ.”

“அப்ப இவ?”

ஆட்ரி என்னைப் பார்த்தாள். பாதிரியாரைப் பார்த்த அதே பார்வை.

நான் மறந்துவிடவில்லை. யோசித்துத்தான் விட்டிருந்தேன். எங்கள் துறையில் பெயர் வைத்து, சான்றிதழ் வந்த பிறகுதான் ஒரு பிள்ளை கார்டில் ஏறும். இந்தப் பிள்ளைக்குப் பெயரே இன்றைக்குத்தான் வைக்கிறார்கள். ஆகவே படிவத்தில் அதற்கு இன்னும் இடமில்லை. இதை மிகத் தெளிவாக விளக்கினேன்.

ஜெரால்ட் பொறுமையாகக் கேட்டான். “அங்கிள், அங்க பேர் எழுதிக் குடுக்காம ஆஸ்பத்திரிய விட்டே அனுப்ப மாட்டாங்க. இவளுக்குப் பாஸ்போர்ட் இருக்கு. வரிக் கணக்குல இவ பேர் இருக்கு. இப்ப நீங்கதான் செக் பண்ணீங்க.”

பார்த்தேன். இருந்தது. சரிபார்க்கும்போது நான் தொகைகளை மட்டும் சரிபார்த்திருந்தேன். கணக்கில் நான்கு பேர், நந்தினியோடு ஐந்து, படிவத்தில் நான்கே பேர் என்றால் எந்த அதிகாரியும் கோப்பை மூடித் திருப்பிக் கொடுப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், செய்துமிருக்கிறேன்.

“ஒம்பது மாசம் சுமந்தது நான்,” என்றாள் ஷீலா. “உங்க ஃபார்ம்ல ஒரு நம்பர்கூட குடுக்கலயே அங்கிள். கேக் மட்டும் ரெண்டு பீஸ் எடுத்துக்கிட்டீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நந்தினியும் சிரித்தாள், ஆனால் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. இரண்டு ஆண்டாக அவள் இந்தச் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்கிறாள். திருத்தி எழுதலாமே என்று ஜெரால்ட் சொன்னான். அடித்துத் திருத்திய படிவத்தைப் பற்றி எனக்குள்ள கருத்தை அவனுக்குச் சொன்னேன். பையில் எட்டுப் பேனா இருந்தது. வெற்றுப் படிவம் ஒன்றுகூட இல்லை.

நந்தினி குழந்தையை ஷீலாவிடம் கொடுத்தாள். லேப்டாப் பையை முதுகில் மாட்டினாள். “பிரிண்ட் எடுக்க எங்க போகணும்?”

காக்ஸ் டவுனில் ஞாயிறு மதியம் எதுவும் திறந்திருக்காது. ஆனால் பக்கத்தில் ஃப்ரேசர் டவுன். அங்கே கடைகளுக்கு ஞாயிறு என்பது ஒரு கிழமை மட்டுமே. ஆட்டோ பிடித்தோம். இந்த முறை நான் மீட்டரைப் பற்றிப் பேசவில்லை. ஆட்டோவிலேயே அவள் லேப்டாப்பைத் திறந்து புதிய படிவத்தை இறக்கி, அடியில் அச்சிட்டிருக்கும் பதிப்புத் தேதி இப்போது செல்லுபடியாகிறதா என்று பார்த்து, தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். மேடு பள்ளத்தில் ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் விரலைத் தூக்கிக்கொள்வாள். நான் பழைய படிவத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். என் பணிக்காலத்தில் எனக்கு இப்படி ஒரு எழுத்தர் வாய்க்கவில்லை.

மசூதி சாலைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை திறந்திருந்தது. பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“பிரிண்ட் எடுக்கணும் பாய்.”

“எடுக்கலாம் சார். மெஷின் இருக்கு, பேப்பர் இருக்கு, நான் இருக்கேன். கரண்ட் இல்ல.”

“எப்ப வரும்?”

“அதெல்லாம் அல்லாவுக்கும் ஆபீஸ்காரங்களுக்கும்தான் தெரியும். ஒக்காருங்க.”

எதிர்க்கடையில் பை-டூ டீ சொன்னார். ஒரு டீயை இரண்டு கோப்பையில் பிரித்துக் கொடுக்கும் அந்த முறையில் இந்த நகரத்தை மிஞ்ச ஆளில்லை. அவர் விஷயத்தைக் கேட்டார், நந்தினி சொன்னாள்.

“குழந்தைய விட்டுட்டாங்களா? யாரு?”

நந்தினி டீயைக் குடித்தாள். பாய் என்னைப் பார்த்தார்.

“அரே, உடுங்க சார். எங்க வீட்டு கல்யாணப் பத்திரிகையில மாப்ள பேரையே உட்டுட்டாங்க.”

நந்தினி டீ சிந்தச் சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் கடைக்குள் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.

பக்கத்துக்கு ஐந்து ரூபாய். இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று போதும் என்று நந்தினி சொன்னதை நான் கேட்கவில்லை. வெற்றுப் படிவமும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பியபோது பந்தலில் பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள். பெட்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன. ஜெரால்ட் கேக் மேசையைத் துடைத்து இடம் பண்ணினான். குடும்பத்தில் மொத்தம் ஐந்து பேர் என்ற இடத்தை ஷீலா விரலால் தொட்டுப் பார்த்து, குழந்தையின் முகத்தை அதன் பக்கம் திருப்பி, “பாத்துக்கோடி, இதுதான் நீ,” என்றாள். ஜெரால்ட் கையெழுத்திட்டான். அப்போதுதான் கொலுசின் நினைவு வந்தது. நந்தினி அதை ஆட்ரியின் காலில் போட்டுவிட்டாள்.

மாலை ஐந்து மணிக்கு ஹலசூரிலிருந்து அதே மூன்று தடங்கள், அதே தொண்ணூறு ரூபாய். நந்தினி கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பொம்மனஹள்ளிக்கு முன்னாலேயே தூங்கிவிட்டாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் எழுப்பினேன். பெட்டி கட்ட வேண்டுமென்று இறங்கி ஓடினாள்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு மும்பையிலிருந்து போன் வந்தது. என் மனைவி சரோஜாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“மாமா, ஜெரால்டு அண்ணனப் பத்தி அந்த மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. இவருக்கு எத்தன பசங்கன்னு. ரெண்டு, சின்னவளுக்கு ஞாயித்துக்கிழமதான் ஞானஸ்நானம், நான்தான் தூக்கி வெச்சிருந்தேன்னு சொன்னேன். சிரிச்சிட்டு பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிக்கிட்டாங்க.”

“வாங்கி வெச்சிக்கிட்டாங்கன்னா?” என்றாள் சரோஜா.

“திருப்பிக் குடுக்கலன்னா விசா கெடச்சிடுச்சுன்னு அர்த்தம் அத்த.”

சரோஜா சர்க்கரை டப்பாவைத் தேடிப் போனாள். மூன்று வீட்டுக்குச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தாள்.

காக்ஸ் டவுனையும் எங்கள் வீட்டையும் ஒப்பிட்டால் கணக்கு சுலபம். அங்கே ஒரு ஆள் கூடியது. இங்கே ஒரு ஆள் குறையப் போகிறது. கார்த்திக் அந்த நாட்டுக் குடிமகனான அதே வாரத்தில் அவன் பெயரை எங்கள் ரேஷன் கார்டிலிருந்து நானே எடுத்துவிட்டேன். விதி அப்படி, நான் அந்தத் துறைக்காரன். கல்யாணமானதும் நந்தினியின் பெயரைச் சேர்த்தேன். பெயர் நீக்கத்துக்கு என்ன விண்ணப்பம், எந்த அலுவலகம், எந்த ஜன்னல், யாருக்கு எப்போது சாப்பாட்டு நேரம், எல்லாம் எனக்கு மனப்பாடம்.

“அவ பேர எப்ப எடுக்கப் போறீங்க?” என்று சரோஜா அன்று சாயங்காலம் கேட்டாள்.

முப்பத்தொரு ஆண்டு ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து எல்லோருக்கும் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன்.

“அடுத்த வாரம் வாங்க.”