ரிம்மில் தடவிய எண்ணெய்

நேற்று மஸ்கெலியாவில் நான் ஏறிய ஆட்டோ, வளைவுக்கு வளைவு கீச்சென்று கத்திக்கொண்டே இறங்கியது. சத்தத்தைக் கண்டுக்காதீங்கண்ணே, நாளைக்குப் பார்த்துருவேன் என்றான் ஓட்டுகிற பையன். கத்தினால் கத்தட்டும், பிரேக் பிடிக்கிறதா என்று மட்டும் கேட்டேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானும் தர்மனும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே லயம், ஒரே வயது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவருமாக ஒரு பழைய சைக்கிள் வாங்கினோம். மலையில் சைக்கிளை ஓட்டுவதைவிடத் தள்ளுவதுதான் அதிகம் என்பது வாங்கிய பிறகுதான் எங்கள் மரமண்டைகளுக்கு உறைத்தது. பழுது பார்க்க வேண்டுமென்றால் டவுன்வரை உருட்ட வேண்டும். அதனால் நாங்களே மெக்கானிக் ஆனோம். ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் உரச்சாக்கை விரித்துச் சக்கரத்தைக் கழற்றுவோம். மண்ணெண்ணெய் வாடை கறிச்சட்டிவரைக்கும் வருகிறது என்று தர்மனின் அம்மா திட்டுவார். எல்லாம் பூட்டி முடித்தபின் ஒரு இரும்புக் குண்டு மிஞ்சிக் கிடக்கும். அது எங்கள் சைக்கிளுடையதே இல்லை என்று இருவரும் சாதிப்போம். எப்படியோ பஞ்சர் ஒட்டவும், செயினை இறுக்கவும், கோணிப்போன சக்கரத்தைக் கம்பி கம்பியாக நேராக்கவும் கற்றுக்கொண்டோம். அந்த ஞாயிறுகளைப்போல் சந்தோஷமாக நான் பிறகு இருந்ததில்லை.

மழை மாதங்களில் பிரேக் ஊரைக் கூட்டும். கொழுந்து எடுக்கும் பெண்கள் அதை வைத்தே தர்மனைக் கேலி செய்தார்கள். நான் தேயிலை ஸ்டோரில் கொழுந்தை உருட்டும் மெஷின்களுக்கு எண்ணெய் போடுகிறவன். கத்துகிற எதற்கும் எண்ணெய் விடு என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பாடம். ஒரு காலையில் மெஷின் எண்ணெயைத் துணியில் நனைத்து இரண்டு ரிம்மிலும் சுற்றித் தடவினேன். தள்ளிப் பார்த்தேன், சத்தம் இல்லை. பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. தர்மனிடம் சொல்லவுமில்லை, அவனே கண்டுபிடித்து மெச்சட்டும் என்று.

அன்றைக்கே இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பாலத்துச் சுவரில் மோதினான். வலது முழங்கால் அதன்பின் மடங்கவே இல்லை. சரிவில் நின்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அவனை ஸ்டோரில் தூசி கூட்டப் போட்டார்கள், என் மெஷினுக்குப் பக்கத்திலேயே. ரோட்டு ஈரம் வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னான். நான் வாய் திறக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு அவன் கூட்டி வரும்போது மெஷினுக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன். டீயைத் தனியாகக் குடித்தேன். இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது.

போன வருஷம் அவன் படுத்த படுக்கையான பிறகுதான் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

"தெரியும்டா" என்றான். "ஸ்டோரு எண்ணெ வாடை எனக்குத் தெரியாதா? ஆளுங்க வர்றதுக்கு முந்தி ரிம்மத் தொடச்சதே நான்தான். அதுக்காகவா என்கூட ஒரு டீ குடிக்க வராம இருந்த?"

மனைவியிடம் இரண்டு டீ கேட்டான். அவனால் ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை. அந்த வாரமே போய்விட்டான்.

இப்போது எங்கள் தோட்டத்தில் சைக்கிளே இல்லை. ஸ்டோரையும் மூடிவிட்டார்கள். அதற்கெல்லாம் காலத்தைக் குறை சொல்லிக்கொள்ளலாம். பக்கத்திலேயே கூட்டிக்கொண்டிருந்தவனை இருபது வருஷம் இல்லாமல் ஆக்கியது நான்தான்.