வாசலில் கழற்றிய மோதிரங்கள்

எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு அதிகாரிகள் வந்து சீல் வைத்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அறைக்கு வெளியே மரத்தடியில் சரக்கைக் காயப்போட்டிருந்தார்கள். கூடாதென்று நானே பல தடவை கத்தியிருக்கிறேன். கத்தினவளுக்கும் சேர்த்துத்தான் சீல். குட்டி போட்ட பூனை மாதிரி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். துவைத்த துணியை எடுத்து மறுபடி துவைத்தேன். விருதுநகரில் எங்கள் தெருக்கோடியில் ஒரு மிளகாய் வத்தல் குடோன் இருக்கிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் தெருவே தும்மும். பொழுது போகாமல் அந்தத் தும்மலுக்குக்கூடக் காத்திருந்தேன்.

நான் அந்தக் கம்பெனியில் பேக்கிங் பக்கம் ஃபோர்மேன். பெண்ணாக இருந்தாலும் அந்தப் பெயர்தான். அதற்கென்று பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன். வெடிமருந்து கலக்கும் அறைக்கே ஃபோர்மேனாக நிற்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. என் வீட்டுக்காரர் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிறார். பகல் முழுக்கத் திரையில் சிங்கத்தையும் ராக்கெட்டையும் பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் வீட்டில் இன்னொரு திரையில் வாள் வீசுவார். அதுதான் அவருக்கு ஓய்வாம். கோட்டை, சூனியக்காரி, கொம்பு வைத்த ராட்சதன் என்று ஒரு மாய ராஜ்யமே அந்த வீடியோ விளையாட்டுக்குள் இருந்தது.

ஒருநாள் நான் நடந்த நடையைப் பார்த்துத் தலை சுற்றிப்போய், "இந்தா, இதப் பிடி. கொஞ்ச நேரம் உக்காரு தாயி" என்று கன்ட்ரோலரை என் கையில் திணித்தார்.

எனக்கென்று அதில் ஒரு வீராங்கனையை உண்டாக்கிக் கொடுத்தார். முதலில் அவர் சொல்லிக் கொடுத்தது சண்டை போடுவதை அல்ல, நகை பூட்டிக்கொள்வதைத்தான். அந்த உலகத்தில் ஒருத்தியின் திறமை அவளிடம் பாதிதான், மீதி அவள் மாட்டியிருக்கும் பொருளில். ஒரு சிவப்புக்கல் மோதிரம் போட்டால் நெருப்பு வித்தை கூடும். பச்சைக்கல்லை வாளில் பதித்தால் கைவேகம் கூடும். எலும்பில் செய்த தாயத்து ஒன்று அடி தாங்கும் சக்தியைக் கூட்டும். செத்த ராட்சதன் பக்கத்தில், பாழுங்கிணற்றுக்குள், பிச்சைக்காரன் மூட்டையில் என்று எங்கெங்கோ அவை கிடக்கும். என் வீட்டுக்காரர் ஒன்றையும் விடமாட்டார். இது அவர் குணம். எங்கள் வண்டியிலேயே எலுமிச்சம்பழம் ஒரு பக்கம், கருப்புக் கயிறு ஒரு பக்கம். என் கையிலும் இருக்கன்குடி கோயிலில் மந்திரித்து வாங்கிய சிவப்புக் கயிறு. தாயத்து கட்டத்தான் ஆசைப்பட்டார். உலோகம் கம்பெனிக்குள் போகாது என்று நான் சொன்னதால் கயிற்றோடு விட்டார்.

இரண்டு கை விரல்களிலும் மோதிரம், கழுத்தில் மாலை, இடுப்பில் ஒட்டியாணம் என்று கல்யாணப் பெண் மாதிரி என் வீராங்கனையை ஜோடித்துவிட்டு அவர் டீ போடப் போனார். திரும்பி வருவதற்குள் நான் செத்திருந்தேன். மறுபடி ஓடினேன், மறுபடி செத்தேன். தீக்குகை என்று ஓரிடம். உள்ளே ஒரு நெருப்புப் பாம்பு, தென்னைமரத் தடிமன். வாயைத் திறந்தால் குகை முழுக்கத் தீ.

"இம்புட்டுப் பூட்டிவிட்டும் ஒரே அடியில எப்படிச் சாகுற?" என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். நான் குகை வாசலுக்குப் போனேன். நின்றேன். மோதிரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மாலை, ஒட்டியாணம், இரும்புச் செருப்பு எல்லாவற்றையும் கழற்றினேன். வாசல் ஓரத்துக் கல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

அவர் டீயைத் துப்பிவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நானும் சிரித்தேன்.

கை பழகிப்போயிற்று, என்ன செய்ய? கம்பெனி கேட்டில் கொலுசு, மெட்டி, வளையல், கொண்டை ஊசி, வாட்ச், போன் எல்லாம் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உரசினால் பொறி. அதனாலேயே நான் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கொம்புதான் கட்டியிருக்கிறேன், தாலியும் சங்கிலியும் பீரோவில் தூங்குகின்றன. நைலான் சேலை ஆகாது, பருத்திதான். அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் மருந்துப் பக்கம் கால் வைக்கலாம். நெருப்பு இருக்கிற இடத்துக்கு வெறும் ஆளாகப் போவதுதான் எங்கள் தொழிலில் திறமை. நெருப்புக்குள் போகும்போது நகை போடு என்று சொல்லும் ஊரை நான் அந்த விளையாட்டில்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அதோடு நிற்கவில்லை. அந்த விளையாட்டில் எந்த அறைக்குள் போனாலும் என் கண் முதலில் தேடியது இரண்டாவது வாசலைத்தான். "ஏங்க, ஒத்த வாசல் வச்சு எவன் கட்டுனான் இத? ஓடணும்னா எங்கிட்டு ஓட?" என்பேன். ஓர் அறையில் சூனியக்காரர்கள் கும்பலாக நின்று நெருப்பு வளர்த்துக்கொண்டிருந்தார்கள். "ரூமுக்கு நாலு பேருக்கு மேல ஆகாதே. இவுகளுக்கு எவன் லைசென்ஸ் குடுத்தான்?" என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த வாரம் எங்கள் வீடு கலகலப்பாக இருந்தது.

அப்புறம் முதலாளியின் போன் வந்தது.

"என்னத்தா, நல்லா இருக்கியா? திங்கக்கெழம தொறக்குறோம். கலக்குற ரூமுக்கு இருந்த ஃபோர்மேன் வேற கம்பெனிக்குப் போயிட்டாரு. நீ அங்கன நிக்கியா? யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை. சரி என்றுவிட்டுத் திரும்பினால், வீட்டுக்காரர் கன்ட்ரோலரைக் கீழே வைத்திருந்தார்.

"பேக்கிங்லயே இரு. கலக்குற ரூமு வேண்டாம்."

"ஏன்?"

"ஏன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். அதற்கு முந்தின மாசியில் பக்கத்து வட்டாரத்தில் ஒரு கம்பெனி வெடித்தது. சத்தம் திருத்தங்கல் அச்சகத்தின் கண்ணாடியை ஆட்டியிருக்கிறது. எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. இவர் எனக்குப் போன் அடித்திருக்கிறார். என் போனோ கேட்டுப் பெட்டிக்குள். சத்தம் கேட்டதுமே எங்களை அறைகளுக்கு வெளியே தூரத்து வேலியோரம் நிற்க வைத்திருந்தார்கள். எல்லார் வீட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் போன் வர, அந்தப் பெட்டி மொத்தமும் அலறிக்கொண்டே இருந்ததாம். எடுக்க ஆள் இல்லை. இவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஆமத்தூர் தாண்டி மண்பாதையில் வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போனார். பிறகும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் ஒன்றே ஒன்று சொன்னேன். "எவனோ கலக்குன மருந்து சரியா இருக்கான்னு தெரியாமப் பேக்கிங்ல உக்காந்து பயப்படுறதுக்கு, கலக்குற எடத்துல நானே நிக்கிறது மேல். என் கைய நான் நம்புறேன்."

"நம்புவ. வெறுங்கையா பாம்புக்கிட்டப் போய்ச் செத்துச் செத்து வந்தியே, அதே கைதான?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்ததை எடுத்து என் மேலேயே எறிகிறாரே! "சரி, அதே வெறுங்கையோட அந்தப் பாம்பைக் கொன்னு காட்டுறேன். கொன்னுட்டா நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"திங்கக்கெழமக்குள்ள கொல்லலைன்னா?"

"பேக்கிங்லயே இருக்கேன். போதுமா?"

புத்தியுள்ள பெண் இப்படிப் பந்தயம் கட்டுவாளா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. பல வருஷம் ஆசைப்பட்ட வேலையைக் கொண்டுபோய் ஒரு பொம்மைப் பாம்பின் வாயில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு விளையாட்டில் விளையாட்டு இல்லை. அவர் வேலைக்குப் போனதும் உட்காருவேன். குழம்பு அடிப்பிடிக்கும். பெரிய மூட்டை நிறைய வித்தை மோதிரங்கள் இருந்தன, ஒன்றையும் தொடவில்லை, கையில் வெறும் வாள் மட்டும். வெறும் ஆளாகப் போகிறவளுக்கு அந்த ஊரில் ஒரே ஒரு வசதி உண்டு. பாரம் இல்லாததால் சட்டென்று உருண்டு விலகலாம். பாம்பு தலையைத் தூக்கினால் இடப்பக்கம் தீ வரும், வாலைச் சுருட்டினால் குகை முழுக்க. நம்முடைய மருந்துக்கும் இப்படிக் குணம் உண்டு. ஈரக்காற்று அடித்தால் ஒரு குணம், வெயில் ஏறினால் ஒரு குணம். பார்த்துப் பழகினால் அது கோபப்படுவதற்கு முன்னால் நமக்குத் தெரியும். ஆனாலும் சாகத்தான் செய்தேன். தூக்கத்திலும் விரல் அசைந்தது. சோற்றைப் பிசையும்போது கட்டைவிரல் தானாக உருளச் சொன்னது. அவரும் நிம்மதியாக இல்லை. வீட்டுக்குள் வந்ததும் முதலில் திரையைப் பார்ப்பார், பாம்பு உயிரோடு இருக்கிறதா என்று. இருந்தால் அவர் முகம் தெளியும். அந்தத் தெளிச்சல் எனக்கு எரிச்சல் மூட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு அவர் பின்னால் கட்டிலில் படுத்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து, வழக்கம்போல வாசலில் எல்லாவற்றையும் கழற்றி, கல்லைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். அன்றைக்கு ஏனோ பதற்றமே இல்லை. பாம்பு தலையைத் தூக்கியது, விலகினேன். வெட்டினேன். வால் சுருண்டது, ஓடினேன். மறுபடி வெட்டினேன். அதன் உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு தேய்ந்து தேய்ந்து நகக்கண் அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு வெட்டு. பாம்பு வாயைத் திறந்தது.

"உருளு! ஏய், உருளு!"

அவர்தான். கட்டிலிலிருந்து குதித்து எழுந்து, தொண்டை கிழியக் கத்தினார். நான் தோற்க வேண்டும் என்று காத்திருந்த மனுஷன்! திடுக்கிட்டுத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். கண் பிதுங்க, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் அன்று நின்ற அதே முகம். நான் மறுபடி திரைக்குத் திரும்பியபோது என் வீராங்கனை சாம்பலாகிக் கிடந்தாள்.

நான் எழுந்துபோய்ப் பாத்திரங்களை உருட்டினேன். தோற்றது தோற்றதுதான், வாக்கு வாக்குதான். முதலாளிக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் கம்பெனி வேனுக்குக் கிளம்பினால், அவர் வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார்.

"ஏறு. நான் கொண்டுபோய் விடுறேன்."

"பேக்கிங்குக்குத்தான போறேன். வேன் வரும்."

"கலக்குற ரூமுக்குப் போ."

"நான்தான் தோத்துட்டேனே."

அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைப்பது போல் என் பக்கம் பார்க்காமல் சொன்னார். "பாம்பு எங்க ஒன்னயக் கொன்னுச்சு? நீ சரியாத்தான் நின்ன. நான் கத்தப்போய்த் திரும்பிப் பாத்த. அதுல செத்த." வண்டியை உதைத்தார். "இனிமே கத்த மாட்டேன்."

வழியெல்லாம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். இத்தனை நாள் என் கை காலில் இருந்த பதைப்பு அந்த முதுகுக்கு மாறியிருந்தது எனக்குத் தெரிந்தது.

கேட்டில் கழற்றினேன். கொலுசையும் வளையலையும் போனையும் பெட்டியில் வைத்தேன். மெட்டியைக் கழற்றியபோது அவர் உள்ளங்கையை நீட்டினார். கொடுத்தேன். மடக்கிக்கொண்டு, "உள்ள ஒண்ணுமே போட்டுக்க மாட்டியா?" என்றார், தனக்குத் தெரியாததைக் கேட்பது போல.

"இந்தக் கயிறு இருக்குல்ல" என்று கையைக் காட்டினேன்.

அன்று என் கை ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனவள், வெயில் ஏறுவதற்குள் கலக்க வேண்டியதைக் கலந்து முடிக்க வைத்து, தரையைக் கழுவச் சொல்லி, கதவு இரண்டும் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். வேலை முடியும்வரை அவரை நினைக்கவேயில்லை. அதை நினைத்து அப்புறம் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

சாயங்காலம் வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். அச்சகத்துக்குப் போனீகளா என்று கேட்டேன். போனாராம். சிங்கத்துக்கு மூன்று கண் வரைந்துவிட்டாராம். மெட்டிக்காகக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு, என் முன்னால் மண்ணில் குந்தினார்.

"ஏங்க, என்ன பண்றீக? எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும். கால நீட்டு."

வேனுக்கு நின்ற பேக்கிங் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "அக்காவுக்கு மறுபடி கல்யாணமா?" என்று ஒருத்தி கத்தினாள். வலது காலுக்கு மெட்டி ஏறிவிட்டது. இடது காலுக்கு ஏறவில்லை. அம்மி மேல் நான் கால் வைத்த அன்று ஒரே தள்ளில் போட்டுவிட்ட கை, இப்போது விரல் கணுவைத் தாண்ட முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தது. விழாமல் இருக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"மெதுவாப் போடுங்க" என்றேன். "நான் இங்கனதான் இருக்கேன்."