டிப்போவிலிருந்து இடது பக்கம்

என் வீட்டுக்காரருக்கு உலகம் பஸ் டிப்போ வாசலில்தான் தொடங்குகிறது. ஓட்டுநராகச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை வண்டியை அங்கிருந்துதான் எடுத்தார், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக, எங்கள் வாசலில் நின்று ஒருவர் பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்கு வழி கேட்டால், "முதல்ல டிப்போவுக்குப் போங்க" என்றா ஆரம்பிப்பது? கேட்டவர் திருதிருவென்று விழிப்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். புது மருமகனையே ஒருமுறை இப்படி ஊரைச் சுற்றவிட்டார். அவர் வந்து சேர்வதற்குள் சமைத்ததெல்லாம் ஆறிப்போய்விட்டது. சொன்னால் கேட்கிற ஜென்மமா இது?

நேற்றுச் சாயங்காலம் நடக்கப் போன மனிதர் போன் செய்தார். குரல் கம்மியிருந்தது.

"சக்கரை இறங்கிடுச்சு போல. கைகாலெல்லாம் நடுங்குது. உக்காந்துட்டேன்."

"எங்க இருக்கீங்க?"

"டிப்போவிலேர்ந்து வந்தா ரெண்டாவது ஸ்டாப். இடது பக்கம்."

"நான் வீட்டிலேர்ந்துல்ல வரணும்! பக்கத்துல என்ன கடை இருக்கு?"

"டிப்போவிலேர்ந்து..." என்றார். போன் அணைந்துவிட்டது.

மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். எங்கள் வீடு சாலையின் இந்தக் கோடி, டிப்போ அந்தக் கோடி. அங்கிருந்து இடது என்றால் இங்கிருந்து வலது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தப் பதற்றத்தில் எனக்குத் தெரியவில்லை. இடது பக்கத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டு போனேன். ஆளைக் காணோம். டிப்போ வாசலே வந்துவிட்டது.

"இப்ப எங்கம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"வண்டியத் திருப்புங்க. இங்கேர்ந்து ரெண்டாவது ஸ்டாப். இடது பக்கம்" என்றேன். என் வாயாலேயே அதைச் சொல்ல வேண்டியிருந்ததில் பற்றிக்கொண்டு வந்தது.

அங்கேதான் இருந்தார். நிழற்குடைத் தூணில் சாய்ந்திருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. மிட்டாயைப் பிரித்து வாயில் திணித்தேன். முகம் கொஞ்சம் தெளிந்ததும் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன்.

"ஒரு கடை பேரச் சொல்ல வாய் வராதா? உங்களக் காணாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

"நீ அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே போனியே, பாத்தேன். கூப்பிடத் தெம்பில்ல."

"ஐயோ! பயமா இல்லையா உங்களுக்கு?"

"எதுக்குப் பயம்? டிப்போவுக்குப் போயிட்டுத் திரும்பி வருவேல்ல" என்றார்.

"உங்க டிப்போவுல இடி விழ!" என்றேன். அதற்குமேல் திட்ட வரவில்லை. இன்னொரு மிட்டாயைப் பிரித்து நீட்டினேன்.