ஜெனியின் கண்ணும் ஒரு சொட்டுப் பசையும்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டிலிருந்து ஓர் அலறல். குழந்தை ஜெனியுடையது அல்ல... அவள் அப்பா டேவிட்டுடையது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். ஜெனி அவர் மடியில் இருந்தாள். மூன்று வயதுகூட ஆகவில்லை. வலது கண் மூடியிருந்தது. தூங்கும் கண் மாதிரி இல்லை — இமைகளைத் தைத்துவிட்ட மாதிரி.



நடந்தது இதுதான். பிளே ஸ்கூலில், வீட்டில் செய்துவர ஒரு மீன் படம் கொடுத்திருக்கிறார்கள். கலர் காகிதத்தைக் கையால் கிழித்து, செதில் செதிலாக ஒட்ட வேண்டும். பிஞ்சு விரல்களுக்கு இதைவிட நல்ல விளையாட்டு உண்டா? ஒட்டப் போனால் க்ளூ ஸ்டிக் காய்ந்து கிடந்திருக்கிறது. டேவிட், பிய்ந்த செருப்பை ஒட்ட வைத்திருந்த சின்ன டியூபை எடுத்திருக்கிறார். தொட்டதும் பிடித்துக்கொள்ளுமே, அந்தப் பசை. ஒரே ஒரு சொட்டு. ஜெனி அதைத் தொட்டு, அதே விரலால் கண்ணைக் கசக்கிவிட்டாள்.

டேவிட் இமையைப் பிரிக்கப் போனார். அவர் மனைவி ஸ்டெல்லா கையைத் தட்டிவிட்டாள்.

"இழுக்காதீங்க. தோல் கிழிஞ்சிடும்."

வெதுவெதுப்பான ஈரத்துணியைக் கண்மேல் வைத்தபடி ஆட்டோவில் ஏறினோம். எங்கள் பாகாயத்திலிருந்து கண் மருத்துவமனை அப்படியொன்றும் தூரமில்லை. அன்று ரோடு முடியவே இல்லை.

வழியில் டேவிட் என்னிடம் சொன்னார்.

"ராணிப்பேட்டை கம்பெனியில ஷூவுக்கு சோல் ஒட்டறப்ப, கிளவுஸ் இல்லாம பசைகிட்ட போக மாட்டேன்க்கா. வீட்ல... புள்ள எதிர்லயே தொறந்து வச்சிட்டேன்."



டாக்டர் இமையை ஊறவைத்து, முடிகளை மெல்ல வெட்டிக் கண்ணைத் திறந்தார். கருவிழியில் லேசான கீறல், சொட்டு மருந்திலேயே ஆறிவிடும், பார்வைக்குப் பழுதில்லை என்றார். ஸ்டெல்லா அப்போதுதான் அழுதாள். இப்படி அடிக்கடி குழந்தைகள் வருவதாக டாக்டர் சாதாரணமாகச் சொன்னபோது, எனக்கு இரண்டாவது அதிர்ச்சி.

கத்தரிக்கோலைப் பரண்மேல் ஒளித்து வைக்கிறோம். பசையை? சின்ன டியூப்தானே, ஒரு சொட்டுதானே என்று தோன்றிவிடுகிறது. வேலை செய்யும் இடத்தில் இருக்கும் ஜாக்கிரதை, வீட்டு வாசலைத் தாண்டியதும் எங்கேதான் போகிறது?

நேற்று எட்டிப் பார்த்தேன். ஜெனி தரையில் உட்கார்ந்து பழைய பேப்பரைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிண்ணம் நிறைய, மைதா மாவில் காய்ச்சிய பசை. நன்றாக ஒட்டுகிறதா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"ஒட்டுதுக்கா. ஆனா பாதிய இவளே தின்னுடறா."

தின்றுவிட்டுப் போகட்டும்.