நூறடியில் திரும்பும் குதிரை

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ராஜபாளையம் சாலையில், டயர் மாற்ற வண்டி நிற்கிறது. உச்சி வெயில். வறண்ட கண்மாயில் ஒரு வெள்ளைக் குதிரை நூறடி நடக்கிறது, திரும்புகிறது, மறுபடி நடக்கிறது. கயிறும் இல்லை, ஓட்டுபவரும் இல்லை.

“கடக்கரைல சவாரிக்கு நின்னது அய்யா,” என்கிறார் அதை வளர்க்கும் பெண். “முதுகு புண்ணாயிப் போச்சுன்னு வித்துட்டான். எம்புட்டுப் புல்லு போட்டாலும் இந்த நடைதான்.”

அதன் பிளந்த இடது காதை எனக்குத் தெரியும். போன கோடையில் கடற்கரையில் ஒரு குதிரைக்காரர் என் எடையைக் கேட்டு, “என் குதிரை தாங்காது” என்று மறுத்தார். பேத்தி முன்னால் அவமானமாகிவிட்டது. எதுவும் கேட்காத பக்கத்துக் குதிரைக்காரனிடம் போனேன். சேணத்தின் அடியில் ஈ மொய்த்தது. பார்த்தும் ஏறினேன்.

குதிரை நேரே வந்து, நான் ஏறுவதற்கு வாகாகப் பக்கவாட்டில் நிற்கிறது.

“அட, உங்களைத் தெரியுமோ?” சிரிக்கிறார்.

“நான் ஏறியிருக்கேம்மா. புண்ணு இருக்குன்னு தெரிஞ்சேதான் ஏறினேன்.”

சிரிப்பு நிற்கிறது. யாரையோ இறக்கிவிடுவதுபோல் அதன் முதுகைத் தடவுகிறார்.

“எறங்கிட்டாக. போ தாயி.”

அது அசையவில்லை. அதன் மூச்சு என் சட்டையில் படுகிறது.

“எப்பவும் இப்படிச் சொன்னா போயிருமே,” என்கிறார்.

குதிரை போகவில்லை.